நூற்றுக்குப் பத்து ரூபாய்

கேள்வி: கோத்தகிரியில் பதிவு பெற்ற மனமகிழ் மன்றத்தின் செயலாளர் நான். போன மாதம் ஒரு மழை இரவில் போலீசார் வந்து, ரம்மி ஆடிக்கொண்டிருந்த எட்டுப் பேரையும் என்னையும் நிலையத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரைத் தரையில் உட்கார வைத்தார்கள். வைப்புத்தொகையைத் திருப்பித் தரவில்லை என்ற ஆத்திரத்தில் முன்னாள் உறுப்பினர் ஒருவர் கொடுத்த புகார் இது. பந்தயப் பணத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாயை மட்டும் டீ, மின்கட்டணச் செலவுக்காக மன்றம் எடுத்துக்கொள்ளும். ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே சீட்டாட்டத்துக்குத் தங்கம் தருகிறார்கள். எங்களுடையது மட்டும் எப்படிச் சூதாட்டம்? உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய முடியுமா? இனிமேல் கைப்பேசிச் செயலியில் ஆடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது ஒரே இடம்தான்: 'நூற்றுக்குப் பத்து ரூபாய்'. தலைமை ஆசிரியரைத் தரையில் உட்கார வைத்தது தவறுதான். ஆனால் அதை வைத்து இந்த வழக்கு உடையாது. பகையாளி கொடுத்த புகாரும் புகார்தான்.

தங்கப் பதக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2018இல் ஜகார்த்தாவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் வென்றது பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில். அந்தப் போட்டிமுறையில் ஒரே சீட்டுகள் மேசைக்கு மேசை போகும். 'எனக்கு நல்ல சீட்டு விழவில்லை' என்று யாரும் புலம்ப முடியாது. அந்த பிரிட்ஜையே, உடலுழைப்பு இல்லாததால் வரிவிலக்குக்கு உரிய விளையாட்டு ஆகாது என்று 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. இங்கே 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தில் அது விளையாட்டா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. விலக்குத் தரும் அதன் 11ஆம் பிரிவு பார்ப்பது ஆட்டம் திறமை சார்ந்ததா என்பதை மட்டும்.

ரம்மி திறமை சார்ந்ததுதான். சத்தியநாராயணா வழக்கில் 1967லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது: விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று தெரிய வேண்டும். இதைக் கேட்டதும் என்னிடம் வழக்கோடு வருபவர்களின் முகம் மலரும். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பந்தயம் கட்டி ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றமோ இடத்துக்குச் சொந்தக்காரரோ லாபம் பார்த்தால், ரம்மியானாலும் குற்றம் நிற்கும். அந்த வழக்கில் செகந்தராபாத் மன்றம் தப்பியதற்குக் காரணம், அது வாங்கியது மேசைக்கும் சீட்டுக்குமான மிதமான கட்டணம். நீங்கள் எடுப்பது பந்தயத்தில் பங்கு. பந்தயம் ஏறினால் உங்கள் வரவும் ஏறும். டீயின் விலை அப்படி ஏறுவதில்லை.

ஆகவே ரத்து மனுவுக்கு அவசரப்படாதீர்கள். மன்றம் லாபம் பார்த்ததா என்பது கணக்கைப் பிரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதை விசாரணை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் அந்தப் பத்து ரூபாயை நீங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

இனி நான் உண்மையிலேயே பயப்படும் விஷயம். உங்கள்மீது 8ஆம் பிரிவு, சூதாட்ட விடுதி நடத்தியது. ஆடியவர்கள்மீது 9ஆம் பிரிவு, அங்கே ஆடியது. ஒரே வழக்கானாலும் உங்கள் நலன் வேறு, அவர்கள் நலன் வேறு. இரண்டு வாய்தா முடிந்ததும், குளிரில் யார் அலைவது என்று எட்டுப் பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவார்கள். தொகை சிறியது, ஓய்வூதியக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் ஒப்புக்கொண்டது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்பது ஏட்டுச் சட்டம். குன்னூர்ப் பக்கம் ஒரு மன்றத்தில் நான் கண்டது வேறு. அபராதம் கட்டி வெளியேறியவர்களையே அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றியது. 'பங்கு எடுத்தது யார்?' என்று கேட்டபோது அவர்கள் பொய் சொல்லவில்லை. செயலாளர் மட்டும் தனியாக நின்றார். எட்டுப் பேரில் யாராவது இன்னும் அரசுப் பணியில் இருந்தால், அவரிடமும் சொல்லுங்கள்: அபராதத்தோடு முடிந்தாலும் அது தண்டனைதான், துறை நடவடிக்கை பின்னாலேயே வரும்.

இதைவிட மோசமானது, பலர் செய்வது: 'பங்கு எடுப்பதில்லை' என்று பழைய தேதியிட்டுத் தீர்மானம் எழுதுவது, வரவுப் புத்தகத்தில் தாளைக் கிழிப்பது. அற்பமான சூதாட்ட வழக்கைப் போலி ஆவண வழக்காக மாற்றிக்கொண்டவர்களை இந்த மலையிலேயே பார்த்திருக்கிறேன். பங்கு எடுப்பதை இன்றே நிறுத்துங்கள், இன்றைய தேதியிலேயே தீர்மானம் எழுதுங்கள். கட்டணம் வேண்டுமானால் உட்காருபவருக்கு இவ்வளவு என்று நிலையாக, குறைவாக வையுங்கள்.

செயலி வேண்டவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே தடை செய்கிறது.

முன்னாள் உறுப்பினரோடு சமாதானமாகப் போங்கள். அவருடைய வைப்புத்தொகை அவர் பணம்; அதைப் பிடித்து வைத்ததில் நியாயம் உங்கள் பக்கம் இல்லை. காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் போலீஸ் புகாரைப் பற்றி ஒரு எழுத்தும் வரக் கூடாது. வந்தால் சாட்சியை விலைக்கு வாங்கினீர்கள் என்பார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதால் இந்த வழக்கு முடியாது. ஆனால் அடுத்த புகார், மன்றங்களின் பதிவைக் கவனிக்கும் மாவட்டப் பதிவாளரிடம் போகாமல் இருக்கும்.

என்னை நேரில் பார்க்க வரும்போது மகஜரின் (சோதனையின்போது போலீசார் எழுதிய பதிவு) நகலைக் கொண்டு வாருங்கள். அதில் 'ரம்மி' என்று இருக்கிறதா, வெறும் 'சீட்டு' என்றா என்று பாருங்கள். அதிர்ஷ்ட ஆட்டமான 'மூன்று சீட்டு' என்று எழுதியிருந்தால், திறமையைப் பற்றி நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு உதவாது.