தபால்தலை மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற பிஸ்கட் டப்பாவில், பதக்கப் படம் போட்ட சோவியத் தபால்தலைகள் இருக்கின்றன. பலவற்றில் மூலையில் முத்திரை விழுந்திருக்கிறது. பின்னால் பசையோ அப்படியே இருக்கிறது. போலியா? 1944 என்று அப்பா குறித்து வைத்த ஒன்றுக்கு ஓரத்துப் பற்களே இல்லை.
- வாசகி, தென்காசி

பதில்: போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், அம்மா. பசை போகாமல் முத்திரை மட்டும் விழுந்தவை எந்த உறையிலும் ஒட்டப்படாதவை. சேகரிப்பவர்களுக்கு மலிவாக விற்பதற்காகவே அங்கே முத்திரை குத்தி அனுப்பினார்கள். நான் பள்ளியில் படித்தபோது காசு சேர்த்து வாங்கிய முதல் பொட்டலமும் அப்படிப்பட்டதுதான். பெரிய விலை கிடைக்காது. அதற்காக அப்பாவின் டப்பாவைக் கலைத்துவிட வேண்டாம்.

பல் இல்லாததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். போர்க்கால விருதுத் தலைகள் பற்களோடும் பற்கள் இல்லாமலும் வெளிவந்தன. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தாராளமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தால் யாரோ பற்களைக் கத்தரித்திருக்கலாம். பிறகு படத்தின் மேல் உருப்பெருக்கியை வையுங்கள். ஐந்து முனை நட்சத்திரம், அதன் பின்னால் குறுக்காக ஒரு துப்பாக்கியும் வாளும், நடுவில் அரிவாள் சுத்தியல் தெரிந்தால் அது தேசபக்திப் போர் விருது. 1942 மே 20 அன்று அந்த விருதை நிறுவினார்கள். இரண்டே ஆண்டில் தபால்தலையிலும் ஏறிவிட்டது. அப்போதும் போர் முடிந்திருக்கவில்லை. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அந்தச் சிறு தாளை இடுக்கியில் எடுக்கும்போது கை மெதுவாகிவிடுகிறது.

கேள்வி: மால்ட்டா தபால்தலையில் இருக்கும் சிலுவைதான் மால்ட்டீஸ் சிலுவையா?
- வாசகர், காரைக்குடி

பதில்: எட்டு முனை கொண்டதுதான் மால்ட்டீஸ் சிலுவை. நான்கு கைகளும் நேராக, நடு வட்டத்தில் குதிரைமேல் அமர்ந்து டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ் இருந்தால், அது ஜார்ஜ் சிலுவை என்னும் வீர விருது. குண்டுமழையில் தவித்த அந்தத் தீவு மக்கள் அனைவருக்குமாக, பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1942 ஏப்ரல் 15 அன்று அதை வழங்கினார். தனி ஆளுக்குத் தரும் பதக்கம் ஓர் ஊருக்கே கிடைத்தது! அதன் பதினைந்தாம் ஆண்டு நினைவாக 1957இல் வந்த தலைகளிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள். மால்ட்டாவின் கொடியிலும் மேல் மூலையில் அந்தச் சிலுவையைக் காணலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் தலைகள் ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆல்பங்களைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் திறந்துவைத்துக் காற்றாட விடுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அதன்பின் அந்தத் தலையை மீட்கவே முடியாது. ஒட்டிக்கொண்டதை நகத்தால் பிய்க்கவும் கூடாது. பக்கத்தோடு வெட்டி எடுத்து, அடுத்த இதழுக்குள் எனக்கு எழுதுங்கள்.