கப்பல் வேலையில் அடிபட்டால் இழப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போய்விட்டது, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செலவு யாருடையது?

பதில்: கப்பல் உரிமையாளருடையது. எம்.எல்.சி. எனப்படும் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்ற நாட்டின் கொடி (கப்பல் பதிவான நாட்டின் கொடி) என்றால், குணமாகும் வரை அல்லது ஊனம் நிரந்தரம் என்று உறுதியாகும் வரை மருத்துவம் அவர் பொறுப்பு. நாட்டுச் சட்டம் இதற்கு வரம்பு வைக்கலாம், ஆனால் 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. ஊர் வந்து சேரும்வரை முழுச் சம்பளம் உண்டு. நிரந்தர ஊனத்துக்கான தொகை தனி, ஒப்பந்தத்தில் பாருங்கள். 2017 ஜனவரியிலிருந்து இதற்கான காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பி அண்ட் ஐ கிளப்பின் (கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுச் சங்கம்) பெயர் அதில் இருக்கும். கூட வேலை செய்தவர்களிடம் சொல்லி அந்தச் சான்றிதழையும் விபத்து அறிக்கையையும் போட்டோ எடுத்து வாங்குங்கள்.

கேள்வி: என் கவனக்குறைவு என்கிறார் கேப்டன்.

பதில்: சொல்லட்டும். வேண்டுமென்றே செய்த தவறு என்றால்தான் சிக்கல். பழைய நோயை மறைத்து வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் சிக்கல்தான்.

கேள்வி: ஏஜென்ட் ஒரு தொகை தருகிறார், 'முழுத் தீர்வு' என்று கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: போடாதீர்கள். ஒப்பந்தத் தொகைக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது என்று எம்.எல்.சி.யே சொல்கிறது. முழுத் தொகை முடிவாகத் தாமதமானால் இடைக்காலப் பணம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் கப்பல் ஹூஸ்டன் போனது. அடிபட்ட மாலுமி முதலாளி மீது வழக்குப் போட வழிசெய்யும் அமெரிக்க ஜோன்ஸ் சட்டத்தில் கோடிக்கணக்கில் கிடைக்குமாமே?

பதில்: தம்பி, அமெரிக்கத் துறைமுகத்தைத் தொட்டாலே 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டம் வந்துவிடாது. டென்மார்க் கப்பலில் நியூயார்க்கில் சேர்ந்து ஹவானாவில் அடிபட்ட மாலுமிக்கு டென்மார்க் சட்டம்தான் என்று 1953இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டது. கொடிக்குத்தான் அங்கே அதிக எடை.

கேள்வி: 1970இல் அதே நீதிமன்றம் கிரேக்கக் கப்பல் மாலுமிக்கு ஜோன்ஸ் சட்டத்தைக் கொடுத்ததே? நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள்.

பதில்: அங்கே உரிமையாளர் அமெரிக்காவில் குடியிருந்து நியூயார்க்கிலிருந்து தொழில் நடத்தினார், விபத்தும் நியூ ஆர்லியன்ஸில். உங்கள் முதலாளி அப்படியா?

கேள்வி: கொடி பனாமா, அலுவலகம் வேறெங்கோ. அப்போது கொடி வெறும் பெயருக்குத்தானே?

பதில்: அந்த வாதத்தைத்தான் 1970 தீர்ப்பு ஏற்றது, முகப்பைத் தாண்டி உள்ளே பார்த்தது. ஆனால் பார்த்தது தொழில் எங்கிருந்து நடக்கிறது என்பதை. 'வேறெங்கோ' அமெரிக்காவில் இல்லையென்றால் உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. ஜோன்ஸ் சட்டத்தில் முதலாளி தரப்பின் கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

கேள்வி: மீன்பிடிக் கப்பலுக்கும் எம்.எல்.சி. உண்டா?

பதில்: இல்லை. ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கையைப் பாருங்கள், அது மீன்பிடித் தொழிலுக்கானது.

கேள்வி: ஏஜென்ட் தரும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: மேலே படியுங்கள் ஐயா.

கேள்வி: எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். ஜோன்ஸ் சட்டத்தில் 3 ஆண்டு. பிலிப்பைன்ஸ் மாலுமிகளின் பொது வேலை ஒப்பந்தத்திலோ ஊர் திரும்பிய 3 வேலை நாளுக்குள் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். உங்கள் கப்பல் எந்தக் கொடி? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.