கொட்டகையில் பகுதி பகுதியாக ஓடிய மௌனப் பட சீரியல்களின் ராணி, அமெரிக்க நடிகை பேர்ல் ஒயிட், சாகசக் காட்சிகளில் உண்மையிலேயே டூப் இல்லாமல் நடித்தாரா?

ஆரம்பத்தில் பெரும்பாலும் அவரேதான். போகப் போக அது குறைந்தது. ஆனால் "டூப்பே கிடையாது, எல்லாம் அவரே" என்ற விளம்பரம் மட்டும் கடைசி வரை குறையவில்லை. இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரு கட்சியும் "கட்டுக்கதை" என்று இன்னொரு கட்சியும் வாதாடுவதுண்டு. இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆண்டுதான் வேறு.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1889-ல் மிசூரி மாநிலத்தின் கிரீன் ரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். பதினெட்டு வயதில் ஊர் ஊராகப் போய் நடிக்கும் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். தினமும் இரவு கத்திக் கத்தி வசனம் பேசியதில் தொண்டை கெட்டுப்போனது. குரல் போன நடிகைக்கு 1910-ல் ஒரே புகலிடம் எது? பேசவே தேவையில்லாத சினிமா. அப்படித்தான் நியூயார்க்கில் குறும்படங்களுக்கு வந்தார்.

அங்கே கிரிஸ்டல் என்ற கம்பெனியில் அவர் செய்தது காமெடி. விழுவது, இடிபடுவது, துரத்துவது, துரத்தப்படுவது. இந்தக் காலத்தை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் அதுதான். அடிபடாமல் விழத் தெரிந்த, வாரக் கணக்கில் படம் எடுத்துத் தள்ளும் வேகத்துக்குப் பழகிய ஒருவர்தான் சீரியலுக்குத் தாக்குப்பிடிக்க முடியும்.

1914-ல் பாத்தே என்ற படக் கம்பெனியின் டைரக்டர் லூயி கேஸ்னியே அவரை 'தி பெரில்ஸ் ஆஃப் பாலின்' சீரியலுக்குக் கேட்டார். சம்பளம் வாரத்துக்கு 250 டாலர். சீரியல் என்பது அப்போது புதுச் சரக்குதான், ஆனால் முதல் சரக்கு அல்ல. 1912-லேயே எடிசன் கம்பெனி மேரி ஃபுல்லரை வைத்து ஒரு தொடர் எடுத்திருந்தது. 1913-ன் கடைசியில் கேத்லின் வில்லியம்ஸ் நடித்த தொடர் வந்தது. அதன் கதை 'அல்லாஹா' என்ற கற்பனை இந்திய ராஜ்ஜியத்தில் நடக்கும். படப்பிடிப்பு அமெரிக்காவில், சிங்கம் புலி எல்லாம் தயாரிப்பாளரின் சொந்த மிருகக்காட்சிசாலையிலிருந்து! பேர்ல் ஒயிட்டின் சீரியலுக்கு இருந்த கூடுதல் பலம் பத்திரிகை. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் நாளிதழ்களில் கதை அச்சில் வரும், கொட்டகையில் படம் ஓடும். இதைப் படித்தவர் அதைப் பார்க்கப் போவார், அதைப் பார்த்தவர் இதை வாங்குவார்.

கதை எளிமையானது. பாலின் பணக்கார வீட்டில் வளரும் பெண். கல்யாணத்துக்கு முன்னால் உலகத்தைப் பார்க்க வேண்டும், எழுத்தாளராக வேண்டும் என்கிறாள். வளர்த்தவர் இறந்துவிட, சொத்து அவருடைய காரியதரிசியின் பொறுப்புக்கு வருகிறது. பாலின் செத்தால் சொத்து அவனுக்கு. அப்புறம் என்ன, 20 பகுதிகளிலும் விதவிதமாகக் கொல்லப் பார்க்கிறான். முதல் பகுதியில் பாலின் உட்கார்ந்திருக்கும் பலூனைக் கட்டவிழ்த்துப் பறக்க விடுவார்கள். அவள் நங்கூரத்தை வீசி ஒரு செங்குத்துப் பாறையில் மாட்டவைத்து, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். கணுக்கால் வரை பாவாடையோடு! அடுத்ததில், அவளைத் தேவதை என்று நம்பும் செவ்விந்தியர்கள் அதைச் சோதிக்க அவளை மலைச்சரிவில் ஓடவிட்டு, பின்னால் ஒரு பெரிய பாறாங்கல்லை உருட்டிவிடுவார்கள். பாறை அட்டைதான் என்று கண்ணுக்குத் தெரியும். ஓடுகிறவர் விழுந்து எழுந்து ஓடுவது அட்டை இல்லை.

இங்கே ஒரு விஷயம். பாலின் என்றாலே தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட பெண் என்று பலருக்கும் நினைப்பு. மிஞ்சியிருக்கும் பகுதிகளில் அப்படி ஒரு காட்சி கிடையாது. 'தொடரும்' போட்டு அந்தரத்தில் தொங்கவிடும் வழக்கமும் இதில் கிட்டத்தட்ட இல்லை. அந்தந்தப் பகுதியின் ஆபத்து பெரும்பாலும் அந்தந்தப் பகுதியிலேயே தீர்ந்துவிடும். தொங்கவிடுவது பின்னால் வந்த சீரியல்களின் வேலை.

சரி, டூப் கதைக்கு வருவோம். இந்தச் சீரியலிலேயே அவருக்கு முதுகில் நிரந்தரமான அடி விழுந்தது. பலூனிலோ பாறையிலோ இல்லை. வில்லனாக நடித்த பால் பான்சர் அவரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது நிலைதடுமாறி இருவரும் விழுந்தார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த வலி அவரை விடவே இல்லை. படம் உலகமெங்கும் ஓடியதும், இவ்வளவு பணம் கொழிக்கும் முதுகெலும்பை மறுபடி பணயம் வைக்க பாத்தே தயாராக இல்லை. ஆபத்தான காட்சிகளுக்கு ஆண் டூப்களைக் கொண்டுவந்தார்கள். அதற்கு வசதியாக ஒரு பொன்னிற விக். படங்களில் பேர்ல் ஒயிட்டின் அடையாளமே அந்தக் கூந்தல்தான். அதை யார் தலையில் வைத்தாலும் தூரத்துக்கு அவர்தான். ரசிகர்களுக்கு இது சொல்லப்படவில்லை.

'எக்ஸ்ப்ளாய்ட்ஸ் ஆஃப் எலெய்ன்', 'தி அயர்ன் க்ளா', 'பேர்ல் ஆஃப் தி ஆர்மி', 'தி ஹவுஸ் ஆஃப் ஹேட்' என்று 1919 வரை வரிசையாக வெற்றி. எலெய்ன் சீரியல்களைத் தொகுத்து பிரான்சில் வெளியிட்டபோது முதல் உலகப் போர்க்காலப் பாரிஸ் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. இத்தனை புகழிலும் அவர் ஹாலிவுட் பக்கமே போகவில்லை என்பார்கள். வேலையெல்லாம் நியூயார்க், நியூஜெர்சி வட்டாரத்தில். பிறகு "நல்ல நடிகை" என்று பெயரெடுக்க ஆசைப்பட்டு ஃபாக்ஸ் கம்பெனிக்குப் போய் முழுநீளப் படங்களில் நடித்தார். எடுபடவில்லை. இடையில் இரண்டு திருமணம், இரண்டு விவாகரத்து.

திரும்பி வந்து பாத்தேக்கு நடித்த கடைசி சீரியல் 'ப்ளண்டர்', 1923-ல் வெளியானது. 1922 ஆகஸ்டில் நியூயார்க்கில் அதன் படப்பிடிப்பு. ஓடும் பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து, மேலே போகும் ரயில் பாதையின் இரும்பு உத்திரத்துக்குத் தாவ வேண்டும். தாவியவர் ஜான் ஸ்டீவன்சன் என்ற நடிகர், பேர்ல் ஒயிட்டின் உடையில், அந்த விக்கோடு. பிடி தவறிக் கீழே விழுந்து மண்டை உடைந்து இறந்துபோனார். பத்திரிகைகளில் செய்தி வந்தது. "எல்லாம் அவரே" என்ற கதை அங்கே உடைந்தது.

என் அபிப்பிராயம்: பேர்ல் ஒயிட்டைப் பொய்யர் என்று சொல்வது அநியாயம். பொய்யைச் சொல்லி விற்றது கம்பெனி. ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. 1919-ல் வெளியிட்ட சுயசரிதையிலேயே கதை விட்டிருக்கிறார், பதின்மூன்று வயதில் சர்க்கஸில் குதிரை ஓட்டியது உட்பட. அதைப் படித்து மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கடைசிக் காலம் பிரான்சில். 1924-ல் அங்கே ஒரு படத்தோடு நடிப்பை விட்டார். பணத்தை வீணடிக்கவில்லை, ஹோட்டல், சூதாட்ட விடுதி, பந்தயக் குதிரைகள் என்று முதலீடு செய்து வசதியாகவே வாழ்ந்தார். முதுகுவலிக்கு மருந்தும் மதுவும் பழகி, அதுவே ஈரலைத் தின்றது. முடிவு தெரிந்ததும் பாரிஸின் பாஸி கல்லறைத் தோட்டத்தில் தானே இடம் வாங்கி, இறுதிச் சடங்கையும் ஏற்பாடு செய்துவைத்தார். 1938 ஆகஸ்ட் 4 அன்று இறந்தபோது வயது 49.

நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. அமெரிக்க சீரியல்கள் இந்தியக் கொட்டகைகளிலும் ஓடின. அவற்றில் ஊறிய பம்பாய்த் தயாரிப்பாளர்கள் வாடியா சகோதரர்கள்தான் 1935-ல் நாடியா என்ற நடிகையை 'ஹண்டர்வாலி' என்ற சண்டைப் படத்தின் நாயகி ஆக்கினார்கள். தமிழில் 1937-ல் 'மின்னல்கொடி'யில் கே.டி.ருக்மணி கொள்ளைக்காரியாகச் சண்டை போட்டார்.

பார்க்க ஆசைப்பட்டால்: 'பாலின்' 20 பகுதிகளாக இப்போது இல்லை. ஐரோப்பாவுக்காகச் சுருக்கிய 9 பகுதிப் பதிப்புதான் மிஞ்சியிருக்கிறது. போர்க்காலத்தில் வெட்டப்பட்டதால் அதில் வில்லனின் பெயர்கூட ஜெர்மன்காரன் பெயராக மாறியிருக்கும், குழம்ப வேண்டாம். யூடியூபில் கிடைக்கிறது. நான் சொன்ன பாறை ஓட்டம் இரண்டாவது பகுதியில். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், கதை புரியாமல் போக வழியே இல்லை.