கறையான் அரித்த மரமும் மேக்ரோ லென்ஸும்: கேள்வி பதில்

கேள்வி: கறையான் அரித்த பலகை ஒன்று கையில் இருக்கிறது. கண்ணால் பார்க்கும்போது மேடும் பள்ளமுமாக அழகாகத் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் தட்டையான பழுப்புப் பரப்பாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒளி லென்ஸின் பக்கத்திலிருந்தே புறப்படுவதுதான் காரணம். அப்படி விழும் ஒளி பள்ளத்தின் அடியையும் மேட்டின் முகட்டையும் ஏறக்குறைய சமமாக நிரப்பிவிடுவதால் ஆழத்தைக் காட்ட வேண்டிய நிழல் பிறப்பதே இல்லை. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில், பலகைப் பரப்பிலிருந்து 10 முதல் 20 டிகிரி உயரத்துக்குள் இருக்குமாறு தாழ்த்தி வையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது. கறையான் பெரும்பாலும் இழை ஓட்டத்தை ஒட்டியே குடைந்திருக்கும். ஒளியை இழைக்குக் குறுக்காக விட்டால் எஞ்சிய ஒவ்வொரு தகடும் பக்கத்துக் குடைவுக்குள் நிழல் வீழ்த்தும், அமைப்பு முழுவதும் எழுந்து நிற்கும். இழையோடு சேர்த்து விட்டால் ஒளி குடைவுக்குள் நீளவாக்கில் புகுந்து அதன் தரையையும் சுவரில் ஒட்டியுள்ள மண்ணையும் காட்டும். இரண்டும் வெவ்வேறு படங்கள்; எது வேண்டும் என்பதை முக்காலியை விரிப்பதற்கு முன்பே, இருட்டறையில் ஒரு கைவிளக்கைப் பலகையைச் சுற்றி நகர்த்திப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். நிழல் மிகக் கறுத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் போதும், இரண்டாவது விளக்கு வேண்டாம்.

கேள்வி: என்னிடமுள்ள துண்டில் மண்ணே இல்லை. குடைவுகள் வழவழப்பாக இருக்கின்றன. இதைக் கறையான் சேதம் என்று குறிப்பிட்டு வெளியிடலாமா?

வெளியிடலாம், ஆனால் இன்னும் சிலவற்றைப் பார்த்துவிட்டு. மண்ணில் கூடு கொண்ட கறையான்கள் மரத்தின் மென்மையான பகுதியை முதலில் தின்னும். ஆண்டு வளையத்தில் வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கத்தில் உருவாகும் திசு மென்மையானது, இறுதியில் உருவாவது அடர்த்தியானது. முன்னது போய்ப் பின்னது மெல்லிய தகடுகளாக நிற்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இந்த வேறுபாடு கூர்மையாக இருப்பதால் அடுக்கடுக்கான தோற்றம் அங்கேதான் நன்றாக அமையும். வளையம் தெளிவாக இல்லாத மரத்தில் அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். இவ்வகைக் கறையானின் குடைவில் மண்ணும் எச்சக் கறையும் பூசப்பட்டிருக்கும்.

உலர்மரக் கறையான் வேறு விதம். மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழ்வது அது. மென்மை, கடினம் என்று பாராமல் இழைக்குக் குறுக்காகவும் குடைந்து, சுத்தமான அறைகளையும் அவற்றை இணைக்கும் குறுகிய வழிகளையும் உண்டாக்கும். எச்சத்தை அறுகோண வடிவில், சுமார் ஒரு மி.மீ. நீளமுள்ள உலர்ந்த துகள்களாகச் சிறு துளை வழியே வெளியே தள்ளும். உங்கள் துண்டைத் தட்டும்போது அத்தகைய துகள்கள் உதிர்ந்தால் ஐயமில்லை. மாவு போன்ற தூளும் வட்டத் துளைகளும் இருந்தால் அது வண்டின் வேலை; தச்செறும்பின் குடைவும் வழவழப்பாகவே இருக்கும், ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை என்பதால் சீவல் போன்ற நார்த்தூளை வெளியே கொட்டும். கனசதுரக் கட்டிகளாக வெடித்த பழுப்பு மரமென்றால் அதில் பூஞ்சை புகுந்திருக்கிறது. தவறான பெயரோடு உலவும் படங்களில் இந்தக் கடைசி வகை ஏராளம்.

கேள்வி: லென்ஸின் துளையை எஃப் 22 வரை குறுக்கியும் முழுக் குடைவும் கூர்மையாக வரவில்லையே?

வராது. முழுச்சட்ட (36 x 24 மி.மீ.) சென்சாரில், ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில், அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதியும்போது, எஃப் 8 வைத்தால் கூர்மையாகத் தோன்றும் ஆழம் ஏறத்தாழ ஒரு மி.மீ. மட்டுமே. எஃப் 22 வைத்தாலும் அது இரண்டரை மி.மீ. அளவுக்குத்தான் நீளும். அதற்குள் இன்னொரு தொல்லை வந்துவிடுகிறது: இந்த உருப்பெருக்கத்தில் செயல்படும் துளையளவு எண் இரட்டிப்பாகி, நீங்கள் வைத்த 22 ஏறக்குறைய 45 போல நடந்துகொள்ளும், ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மந்தமாகிவிடும். மர இழையின் நுண்மைக்காகவே எடுக்கும் படத்தில் இது பெரிய இழப்பு.

எஃப் 5.6 அல்லது 8 வைத்து, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, பின்னர் மென்பொருளில் அடுக்கி இணைப்பதே சரியான வழி. எஃப் 8 என்றால் ஒவ்வொரு நகர்வும் 0.7 மி.மீ. இருக்கட்டும், 10 மி.மீ. ஆழக் குடைவுக்குப் பதினைந்து படங்கள் ஆகும். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை இரண்டையும் கையால் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: அடுக்கி இணைத்த படத்தில் தகடுகளின் விளிம்பைச் சுற்றிப் புகை போன்ற ஒரு வளையம் தெரிகிறது. மென்பொருள் கோளாறா?

கோளாறு பொருளின் வடிவத்தில் இருக்கிறது. குடைவின் அடியில் குவியம் வைக்கும்போது முன்னால் நிற்கும் தகடு மங்கி விரிந்து, தனக்குப் பின்னுள்ள பகுதியை மூடிவிடுகிறது. அந்த இடத்தின் தெளிவான பதிவு எந்தப் படத்திலும் இல்லாததால் மென்பொருள் புகையை இட்டு நிரப்புகிறது. செங்குத்துச் சுவர்களும் ஆழ்ந்த குழிகளும் கொண்ட இந்தப் பொருளில் இது அடிக்கடி நேரும். ஹெலிக்கான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் ஆகிய இரண்டு அடுக்கல் மென்பொருள்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு முறைகள் உண்டு: விளிம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு ஒன்றையும், இழைநயமும் நிறமும் பேண வேண்டிய பரப்புக்கு மற்றொன்றையும் பயன்படுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கையால் தீட்டிச் சேர்க்கலாம். ஆனாலும் மென்பொருளை நம்பும் முன் பலகையைச் சில டிகிரி சாய்த்துப் பாருங்கள். முன்தகடு வழிவிட்டால் பாதி வேலை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: அறுகோண எச்சத் துகள்களைப் பெரிதாக எடுக்க முடியுமா?

முடியும், இந்தப் பொருளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் ஒரு மி.மீ. துகள் 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் கடுகு விதைபோலக் கிடக்கும். ஆறு பக்கங்களும் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள மெல்லிய உட்குழிவும் தெரிய வேண்டுமானால் மூன்று அல்லது நான்கு மடங்காவது தேவை. 28 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தினால் இரு மடங்கைத் தாண்டலாம். நான்கு மடங்குக்கு, 200 மி.மீ. லென்ஸின் முன் நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸ் ஒன்றைப் பொருத்துவது வழக்கம். அங்கே கூர்மை ஆழம் சுமார் 0.05 மி.மீ. ஆகிவிடுவதால் ஒரு மி.மீ. ஆழத்துக்கே 25 படங்கள் வேண்டியிருக்கும். கையால் நகர்த்துவது இயலாது, கேமராவை முன்பின் நகர்த்தும் நுண்திருகு கொண்ட தண்டவாளம் கட்டாயம். துகள்களைக் கறுப்பு அட்டையில் பரப்புங்கள், மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். ஒளியைத் தாளால் மென்மையாக்கிப் பக்கவாட்டில் விட்டால் உட்குழிவு நிழலாகப் பதியும்.

கேள்வி: என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது.

மேக்ரோ நிலைக்குப் போகாதீர்கள். பல கைபேசிகளில் அது அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்துவதால் கைபேசி மரத்தை உரசும் அளவுக்கு நெருங்கி, தன் நிழலைத் தானே படத்தின் மீது போட்டுவிடும். சற்று விலகி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பதிலில் சொன்ன பக்கவொளி இருந்தால் கைபேசிப் படமே போதுமானதாக இருக்கும்.

கேள்வி: மண்குழாயை உடைத்தவுடன் கறையான்கள் உள்ளே ஓடிவிடுகின்றன. அவற்றோடு சேர்த்து எப்படி எடுப்பது?

உடைத்தவுடன் எடுக்க முயல்வதுதான் சிக்கல். வேலைக்காரக் கறையான்களுக்குப் பொதுவாகக் கண்கள் இல்லை. காற்றோட்டமும் வறட்சியும் அதிர்வும்தான் அவற்றை விரட்டுகின்றன. விரல்நுனி அளவுக்கு மட்டும் திறந்து, திறப்பின் விளிம்பில் குவியத்தை வைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் காவற்கறையான்கள் விளிம்புக்கு வந்து நிற்கும், பிறகு வேலைக்காரர்கள் உள்ளிருந்தே மண்ணையும் எச்சத்தையும் வைத்து ஓட்டையை அடைக்கத் தொடங்கும். எடுக்க வேண்டிய படம் அதுதான். முக்காலியின் கால் மரத்தைத் தொடக் கூடாது. ஃபிளாஷைக் குறைந்த திறனில் வைத்தால் அதன் மிகக் குறுகிய வெடிப்பே அசைவை உறைய வைத்துவிடும்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். அந்த மண்குழாய் உங்கள் வீட்டு நிலைக்கதவிலோ உத்தரத்திலோ இருந்தால், உடைப்பதற்கு முன் முழு நீளத்தையும் அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள், பூச்சிக்கட்டுப்பாட்டுக்கு வருபவருக்கு அது உதவும். பாரம் தாங்கும் மரத்தைப் படத்துக்காகக் குத்திப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: அரித்த பகுதிக்கு எண்ணெய் பூசினால் நிறம் எடுப்பாக வருமா?

வரும், பொய்யாக வரும். எண்ணெய் பளபளப்பைத் தந்து, பக்கவொளியில் வெண்புள்ளிகளை உண்டாக்கும், மண் பூச்சையும் கறையையும் கரைத்து ஒன்றாக்கும். எந்தக் கறையான் எப்படித் தின்றது என்பதற்கான சான்றே அந்தப் பூச்சுதான். காற்றூதியால் தளர்ந்த தூசியை மட்டும் நீக்குங்கள், தூரிகை வேண்டாம், தகடுகள் தாள்போல நொறுங்கும். மருந்து அடித்த மரமாயின் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே தொடுங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் மாற்றலாமா?

தகடுகளின் வடிவம் மட்டுமே போதுமென்றால் மாற்றலாம். மண் பூசிய சுவரும் மரமும் நிறத்தால்தான் பிரிகின்றன என்பதால், அவ்வகைப் படத்தை நான் மாற்ற மாட்டேன்.

கேள்வி: துண்டை அறையில் பாதுகாத்து வைத்தால் கறையான் பரவுமா?

மண்ணில் கூடு கொண்ட வகை கூட்டையும் ஈரத்தையும் இழந்தால் தானாகவே மடியும். உலர்மரக் கறையானுக்கு அந்தத் துண்டே கூடு, ஆகவே அதில்தான் எச்சரிக்கை வேண்டும். காற்றுப்புகாப் பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், துண்டு அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதன்மீது நீர்த்துளி படிந்து மெல்லிய தகடுகள் நெளிந்துவிடும்.