டிக்கி இடம் குறையாமல் ஹேட்ச்பேக் காரில் பின்பக்க ஸ்ட்ரட் பார் பொருத்த முடியுமா?

முடியும். ஸ்ட்ரட் பார் என்பது, வளைவுகளில் பாடி நெளியாமல் இருக்க இரண்டு பக்க ஷாக் அப்சார்பர்களின் மேல் முனைகளையும் குறுக்கே இணைக்கும் பைப். ஆனால் இடம் மிச்சமாகும் என்று சொல்லி வளைந்த பாரைக் காட்டினால் வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தவன்.

என்னுடையது 2013 ஸ்விஃப்ட். டிக்கி 204 லிட்டர்தான். இரண்டு பெட்டியும் ஒரு அரிசிப் பையும் வைத்தால் தீர்ந்தது. அதற்குக் குறுக்கே ஒரு பைப் போனால் பின் சீட்டை மடக்கி நீளமான சாமான் எதுவும் ஏற்ற முடியாது. அதனால் சீட்டின் முதுகை ஒட்டி வளைந்து போகிற பார் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கினேன். காசு போட்டவன் மனசு எப்படியாவது ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். எனக்கு அதுகூட நடக்கவில்லை.

யோசித்தால் காரணம் எளிது. ஷாக் அப்சார்பரின் மேல் முனை உட்கார்ந்திருக்கும் இரண்டு டவர்களும் ஒன்றையொன்று நெருங்காமலும் விலகாமலும் பிடித்துக்கொள்வதுதான் பாரின் வேலை. தாங்க வேண்டியது தள்ளுவதையும் இழுப்பதையும் மட்டும். நேரான மூங்கிலை இரு முனையிலும் பிடித்து அமுக்கிப் பாருங்கள், அசையாது. ஏற்கெனவே வளைந்த மூங்கில் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிடும். நான் வாங்கியது அந்த இரண்டாவது மூங்கில்.

இதிலேயே இடப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் மட்டும்தான் என்றால், முனைகளை வெல்டு செய்து இறுக்க வேண்டியதில்லை; கழற்றி மாட்டும் போல்ட் போதும். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அப்படியே செய்துகொண்டேன். டவர்களில் இரண்டு பிராக்கெட் நிரந்தரமாக இருக்கும். நடுவில் நேரான ஸ்டீல் பைப், முனைக்கொரு ராட் எண்ட் (போல்ட் நுழையும் துளையுள்ள உருண்டை மூட்டு), ஒன்று ரைட் த்ரெட், மற்றது லெஃப்ட் த்ரெட். பைப்பைத் திருகினால் மொத்த நீளம் கூடும் அல்லது குறையும். சாமான் ஏற்றும் நாளில் இரண்டு 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினால் பைப் கையோடு வந்துவிடும். அதைப் பழைய துண்டில் சுற்றி ஸ்டெப்னி பக்கத்தில் செருகிவிடுவேன். டிக்கியில் சும்மா போட்டுவைத்தால் திடீர் பிரேக்கில் முன்னால் பறந்து வரும்.

ஓட்டையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் டிரில்லோடு விடாமல் ரீமர் (ஓட்டையைத் துல்லியமான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டு, போல்ட் இறுக்கமாக நுழையும்படி செய்யச் சொல்லுங்கள். பாடி அசைவதே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். போல்ட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பார் இருந்தும் இல்லாததும் ஒன்று, கடகட சத்தம் வேறு. சட்டென்று இழுத்துக் கழற்றும் பின்களை நான் தவிர்த்ததும் அதனால்தான்.

மாட்டும்போது கார் ஜாக்கில் இருக்கக் கூடாது. சமதளத்தில் நான்கு சக்கரமும் ஊன்றி நிற்க வேண்டும். பைப்பைக் கையால் திருகித் தளர்வு போனதும் லாக் நட் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். அப்புறம், சில பார்களை சீட் பெல்ட் போல்ட்டிலேயே மாட்டச் சொல்வார்கள். உயிர் காக்கும் போல்ட்டில் இன்னொரு தகடைச் செருகினால் த்ரெட் பிடிக்கும் நீளம் குறையும். செய்யாதீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்விஃப்ட் மாதிரி டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள கார்களில் ஸ்பிரிங் தனியாகக் கீழே இருக்கிறது. மேல் டவருக்கு வருவது ஷாக்கின் விசை மட்டும். ஆகவே பலன் ஓரளவுதான். டயர் தேய்ந்திருந்தால் முதலில் அதற்குச் செலவு செய்யுங்கள். 2006-இல் 2000 கார்கள் மட்டும் வந்த மினி ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக்கில் பின் சீட்டையே தூக்கிவிட்டுக் குறுக்கே பார் போட்டார்கள். நம் வீட்டில் அது நடக்காது.

என் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினால் பின்சக்கரம் ஒன்று சாக்கடைக் கல்லின் மேல் ஏறி நிற்கும். சாமானை இறக்கிவிட்டு அங்கேயே பைப்பை மாட்டப் பார்த்தால் இரண்டாவது போல்ட் நுழையாது. காரை இரண்டடி தள்ளிச் சமமாக நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.