ரெமிடியேஷன் தாளை ஒளிச்சு வைக்காதே, தங்கச்சி

நீ எழுதினதுல கோத்தகிரிப் பொண்ணுன்னு பார்த்ததும் கையில இருந்த வேலையைப் போட்டுட்டு உட்கார்ந்துட்டேன். ஏ.என்.எம். (கிராமத்து நர்ஸ் படிப்பு) முடிச்சு, துணை சுகாதார நிலையத்துல வேலை பார்த்து, கல்யாணமாகி கலிபோர்னியா வந்து எல்.வி.என்., அதாவது லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ் கோர்ஸ்ல சேர்ந்திருக்கே. முதல் யூனிட் டெஸ்ட்ல 71. ரெமிடியேஷன்னு, அதாவது விட்ட பாடத்தை மறுபடி படிச்சுச் சரி பண்ணணும்னு, ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்காங்க. வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலை, துரத்திடுவாங்களாக்கான்னு கேக்கறே. கூடவே குளிர், கார், தமிழ்ச் சங்கம் பத்தியும் கேட்டிருக்கே. அதெல்லாம் கிடக்கட்டும், கடைசியில பார்ப்போம்.

துரத்த மாட்டாங்க. ஆனா அந்தத் தாளைத் தலையணைக்கடியில வச்சா துரத்துவாங்க.

படிக்கிற பிள்ளைங்களை மதிப்பிட்டு, யாருக்கு ரெமிடியேஷன் வேணும், யாரை நீக்கணும்னு பார்க்க வேண்டியது பள்ளியோட கடமைன்னு கலிபோர்னியா வொகேஷனல் நர்சிங் போர்டு விதியிலேயே இருக்கு. அதனால அந்தத் தாள் உனக்குக் கொடுத்த தண்டனை இல்ல, அவங்க வச்சுக்கிற பதிவு. எந்தப் பாடத்துல விட்டே, என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள, இதெல்லாம் அதுல இருக்கும். தேதிக்கு முன்னாலேயே முடி. டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கு. போன்ல ஒரு படம், ஃபைல்ல ஒரு நகல் வை. வாயால "ஐ டிட் இட்"னு சொன்னா இந்த ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்குப் பிரச்சினைன்னு வந்தா நீ காட்ட வேண்டியது அந்த நகலைத்தான். நம்ம பிள்ளைங்க மார்க்கால போறதைவிட வெட்கத்தால போறதுதான் அதிகம்.

பாஸ் மார்க் எவ்வளவுன்னு வாட்ஸ்அப் குரூப்ல கேக்காதே. அதை வைக்கிறது பள்ளி. பல இடத்துல 75, சில இடத்துல அதுக்கும் மேல. உன் ஹேண்ட்புக்கை எடுத்து மூணு விஷயம் தேடு: மார்க்கை ரவுண்டு பண்ணுவாங்களா, மறுதேர்வு உண்டா, மறுதேர்வுல என்ன எடுத்தாலும் 75-க்கு மேல போட மாட்டாங்களா. பெரும்பாலும் 74.9-ன்னா ஃபெயில்தான். நம்ம ஊர்ல கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்களே, அந்தத் தராசுகிட்ட நின்னு கெஞ்சினா என்ன நடக்கும்? இங்கயும் அதுதான். இன்னொன்னு, வகுப்புப் பாடமான தியரியும், நோயாளிகிட்ட செய்யற பயிற்சியான கிளினிக்கலும் தனித்தனி. தியரியில 95 எடுத்தாலும் கிளினிக்கல்ல 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி' விழுந்தா அந்த டேர்ம் போச்சு.

அடுத்து மருந்துக் கணக்கு. இதுக்கு 75 போதாது, 90-ன்னும் 100-ன்னும் கேக்கற பள்ளிகள் உண்டு. உனக்குக் கணக்கு வரும், தெரியும். பவுண்டுதான் கவுக்கும். 33 பவுண்டு குழந்தைன்னு கேள்வி வரும். 2.2-ஆல வகுத்தா 15 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம்னா 150. நாம அங்க கொடுத்த காய்ச்சல் சிரப் 5 மில்லிக்கு 125 இல்லாட்டி 250 இருக்கும். இங்க உள்ளது 160. அப்போ 4.6875, கடைசியிலதான் ரவுண்டு பண்ணணும், 4.7 மில்லி. நடுவுல ரவுண்டு பண்ணினா தப்பு. அரை மில்லிகிராமை 0.5-ன்னு எழுதணும், வெறும் .5 கூடாது. அஞ்சுக்கு 5-ன்னு மட்டும் எழுது, 5.0-ன்னு போட்டா தப்பு. புள்ளி கண்ணுக்குத் தெரியாம 50-ன்னு படிச்சு மருந்து கொடுத்து ஆளைக் கொன்னிருக்காங்க, அதனாலதான் இந்தக் கெடுபிடி. இதுல எனக்குக் கோபமே கிடையாது.

71 வந்ததுக்கு உண்மைக் காரணம் நீ படிக்காதது இல்லன்னுதான் நினைக்கிறேன். நாம வரையறையை மனப்பாடம் பண்ணி எழுதி வளர்ந்தவங்க. இங்க கேக்கறது, முதல்ல என்ன செய்வே? நோயாளிக்கு மூச்சுத் திணறுது, நாலு பதில்ல ஒண்ணு 'டாக்டரிடம் சொல்'. நம்ம கை நேரா அதுக்குத்தான் போகும். படுக்கையோட தலைப்பக்கத்தை உயர்த்துறதுதான் விடை. அடுத்த வலை, எல்.வி.என். எல்லை. முதல் முழு மதிப்பீடு உனக்கு மேல இருக்கிற ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) வேலை, நீ தகவல் சேகரிக்கிறவ, கவனிச்சதை அவங்ககிட்ட சொல்றவ. கலிபோர்னியாவுல ஐ.வி. சான்றிதழ் வாங்கினாலும் ஊசி குத்தி திரவம் ஏத்தலாம், நரம்பு வழியா மருந்து கொடுக்க முடியாது. சப்-சென்டர்ல தனியா நின்னு எல்லாம் பார்த்த நமக்கு இது கசக்கும். கசந்தாலும் விடை அதுதான்.

எனக்கு விழுந்த அடி கிளினிக்கல்ல. இன்ஸ்ட்ரக்டர் உள்ள வந்தா எழுந்து நிப்பேன். சொன்னா செய்வேன், சொல்லாம எதையும் தொட மாட்டேன். அப்படித்தானே நம்மளை வளர்த்தாங்க? அந்தம்மா வாரக்கணக்கா சிரிச்சுக்கிட்டே இருந்துட்டு, மதிப்பீட்டுத் தாள்ல "தானாக முன்வருவதில்லை, சொல்லும்வரை காத்திருக்கிறார்"னு எழுதி ரெமிடியேஷன்ல தள்ளிட்டாங்க. முதல் வாரமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னிக்கு நினைச்சாலும் எரியுது. ஸ்கில்ஸ் லேப்ல ஒரு ரப்பர் பொம்மைக்கு டிரெஸ்ஸிங் பண்ணச் சொன்னாங்க. தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயன் வீடுகள்ல தேயிலை வெட்டுக் கத்தி பட்ட கால்கள் எத்தனைக்குக் கட்டுப் போட்டிருப்பேன்! ஆனா இங்க ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லணும். கை கழுவறேன், பேரும் பிறந்த தேதியும் கேட்டு ஆளைச் சரிபார்க்கிறேன்னு பொம்மைகிட்ட பேசணும். அந்தச் சரிபார்ப்பை விட்டா மீதி எல்லாம் சரியா இருந்தாலும் ஃபெயில். பேசினேன். அப்புறம் வாயை மூடவே இல்ல.

ஒருநாள் சிக்கிள் செல் பாடம், ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை நோய். ஏதோ ஆப்பிரிக்க வம்சாவளிக்கு மட்டும் வர்ற நோய் மாதிரி பாடம் ஓடுச்சு. கையைத் தூக்கிட்டேன். 1952-லேயே எங்க நீலகிரிப் பழங்குடிகள்கிட்ட லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க, கூடலூர்ப் பக்கம் பணியர் வீட்டுப் பிள்ளைங்களை நானே பார்த்திருக்கேன்னு சொன்னேன். எலும்பு வலியில அந்தப் பிள்ளைங்க துடிக்கிறதையும் சொன்னேன். வகுப்பு திரும்பிப் பார்த்துச்சு. நான் சேரம்பாடிக்காரி. இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பின ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்த குடும்பம், டேன்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்ட லயன்லதான் பொறந்தேன். ஆடி மழையில தடுப்பூசி கேரியரைத் தோள்ல மாட்டி, அட்டைக்கடிக்கு உப்புத் துணி கட்டி நடப்போம். லயன் வாசல்ல "நர்சம்மா வந்துட்டாங்க"ன்னு பிள்ளைங்க ஓடி ஒளியும். அதெல்லாம் உன் மார்க் ஷீட்ல ஏறாது, ஆனா உன் கையில இருக்கு.

பள்ளி ஏன் இப்படி பிழியுதுன்னா, முதல் தடவை லைசென்ஸ் தேர்வு எழுதறவங்களோட பாஸ் விகிதம் மாநிலச் சராசரிக்கு 10 புள்ளிக்குக் கீழே போகக்கூடாது. ரெண்டு வருஷம் தொடர்ந்து போனா பள்ளி அங்கீகாரத்துக்கே ஆபத்து. அதனாலதான் லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்பறதுக்கு முன்னால எக்ஸிட் எக்ஸாம்னு பள்ளியே ஒரு சுவர் வைக்கிறாங்க. அந்த விதியையும் இப்பவே கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. பணத்தை வாங்கிட்டு அந்தச் சுவருக்கு இந்தப்புறமே பிள்ளைங்களை நிறுத்தி வச்ச தனியார் பள்ளியையும் பார்த்திருக்கேன்.

லீவு போடாதே. கோர்ஸோட மொத்தம் 1530 மணி நேரத்துல 954 கிளினிக்கல். விட்ட தியரியைக் கேஸ் ஸ்டடி எழுதியாவது ஈடு கட்டலாம். விட்டது கிளினிக்கல்னா லேப்லயோ நோயாளிகிட்டயோதான் நிக்கணும், இடம் கிடைக்கும்போது. படுகர் பண்டிகை ஹெத்தை ஹப்பாவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுடாதே, பேரகணி கோயிலுக்கு அடுத்த வருஷம் போகலாம்.

சங்கமா? பொங்கலுக்குப் போ, சாப்பிடு, வா. "எல்.வி.என்.னா ஆயா வேலைதானே"ன்னு கேக்கற ஐ.டி. வீட்டு அம்மாக்கள் அங்கதான் இருப்பாங்க. அவங்க மாமியாருக்கு பக்கவாதம் வந்தப்போ ராத்திரி எனக்குத்தான் போன் வந்துச்சு. பழைய கேள்வித்தாள் விக்கறேன்னு வர்றவங்ககிட்டயும் தள்ளி நில்லு. மாட்டினா ரெமிடியேஷன் கிடையாது, நேரா வாசல்தான்.

குளிர் உனக்கு ஒண்ணுமில்ல. கார் கத்துக்கோ, காலையில 6:45-க்கு பஸ்ஸை நம்பாதே. வீட்டுக்காரர் விசாவோட வர்ற எச்-4-ன்னா படிக்கலாம், ஆனா வேலைக்கு இ.ஏ.டி.ங்கிற வேலை அனுமதி அட்டை வேணும், அதை இப்பவே விசாரி. ஞாயிறு மதியம் கூப்பிடு. மார்க் ஷீட், அந்தத் தாள், கால்குலேட்டர் எல்லாம் எடுத்து வச்சுக்கோ. வீட்டுக்காரரையும் பக்கத்துல உட்கார வை, அவர்கிட்டயும் நாலு வார்த்தை பேசணும்.