அந்த இருபது ரூபாய் யாருடையது?

கேள்வி: மன்னார்குடியில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். வயது 26. அப்பா விவசாயி. கோடிங்கைப் பெரும்பாலும் ஏஐதான் எழுதித் தருகிறது, ஓடினால் அனுப்பிவிடுவேன். ஏன் ஓடுகிறது என்று மீட்டிங்கில் கேட்டால் வியர்த்துவிடுகிறது. நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நான் செய்த பில்லிங்கில் தினமும் பத்து, இருபது ரூபாய் இடிக்கும். கணக்குப்பிள்ளை கைக்காசு போட்டுச் சரிக்கட்டிவிடுவதால் பிரச்சினை இல்லை. இந்தப் பயம் போக வேறு கம்பெனி மாறலாமா?

பதில்: தம்பி, உங்கள் பயம் கிடக்கட்டும். 'பிரச்சினை இல்லை' என்கிறீர்களே, யாருக்கு இல்லை?

மாதச் சம்பளக்காரர் ஒருவர் உங்கள் தப்புக்குத் தினமும் தண்டம் கட்டுகிறார். அவர் வீட்டிலும் பால் பாக்கி, ஸ்கூல் ஃபீஸ் உண்டு. நாளைக்கு முதலாளி கணக்கைப் புரட்டினால் 'கம்ப்யூட்டர் தப்புப் போடாது' என்று அவரைத்தான் திருடன் என்பார்கள். நடக்காதது இல்லை இது. பிரிட்டன் அஞ்சல் நிலையங்களில் 1999-ல் வந்த 'ஹொரைசன்' மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. நிலையம் நடத்தியவர்களில் பலரும் முதலில் கைக்காசுதான் போட்டார்கள். பிறகு 900-க்கும் மேற்பட்டோரைக் குற்றவாளி என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது, சிலர் ஜெயிலுக்கே போனார்கள். அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய 2024-ல் அங்கே சட்டமே போடவேண்டி வந்தது.

உங்கள் மில்லில் எங்கே இடிக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒவ்வொரு வரியையும் முழு ரூபாய் ஆக்கிவிட்டுக் கூட்டுவது வேறு, கூட்டிவிட்டு முழு ரூபாய் ஆக்குவது வேறு. 10.40 மூன்று தடவை என்றால் முதல் வழியில் 30, அடுத்ததில் 31. ஒரு நாளைக்கு எத்தனை பில்! போதாததற்கு, கம்ப்யூட்டர் புள்ளி வைத்த எண்களைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் முறையில் 0.1 கூடத் துல்லியமாக நிற்காது, 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பணத்தை முழுப் பைசாவாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஏஐயிடம் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும். நீங்கள் கேட்கவில்லை. ஏஐ எழுதியது குற்றமில்லை, படித்துப் பார்க்காமல் உங்கள் பெயரில் அனுப்பியது குற்றம்.

எந்த மடையை வெட்டினால் யார் வயலுக்குத் தண்ணீர் போகும் என்று தெரியாமல் உங்கள் அப்பா மண்வெட்டியைத் தூக்குவாரா? அவர் போட்ட சோற்றில் வளர்ந்த பிள்ளை இப்படி எழுதலாமா?

கம்பெனி மாறுகிற பேச்சு இப்போது வேண்டாம். நீங்கள் போய்விடுவீர்கள், அவர் கட்டிக்கொண்டே இருப்பார். நாளைக்கு நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறுங்கள். கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாள் பில் கட்டைப் பேப்பரில் கையால் போட்டு, எந்த இடத்தில் விலகுகிறது என்று கண்டுபிடியுங்கள். தப்பு என்னுடையது, அவருடையது இல்லை என்று மேனேஜருக்கும் மில் முதலாளிக்கும் எழுத்தில் கொடுங்கள். இதுவரை அவர் போட்ட காசை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். வேண்டாம் என்பார். வைத்துவிட்டு வாருங்கள்.